வானத்தை மூடிய குசினி

ஜார்ஜ்டவுனில் பழைய வீடொன்றைப் புதுப்பித்து முடித்தவர்கள் வெளியிடும் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஐந்தாவது படத்துக்குள் அலுத்துவிடும். எல்லாமே ஒரே படம். சுண்ணாம்புப் பூச்சை உரித்தெடுத்த செங்கல் சுவர். அதன் முன்னால் நீளமான ஐலண்ட் மேடை, மேலே கறுப்பாகத் தொங்கும் மூன்று விளக்குகள், பக்கத்தில் நான்கு உயர நாற்காலிகள். மேடைமீது ஒரு மரத்தட்டு, அதில் எலுமிச்சம்பழம். யாரோ சிரித்தபடி எதையோ நறுக்குகிறார். என்ன நறுக்குகிறார் என்று பெரிதாக்கியே பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் சாலட். கருவாடு பொரிக்கிற படம் ஒன்றைக்கூட இன்றுவரை பார்த்ததில்லை.

இலக்கிய இதழில் குசினிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கட்டடமும் ஒரு பிரதிதான் என்று தத்துவம் பேச வரவில்லை. நான் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர். பழைய வீடுகளில் எந்தச் சுவரை இடிக்கலாம், எதை இடித்தால் மேல்மாடி கீழே வரும் என்று சொல்வது என் சம்பள வேலை. என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்: "பின்னால குசினிச் செவுத்த எடுத்துட்டு ஓபன் கான்செப்ட்டா போடலாமா?" போடலாம். இரும்பு உத்தரம் கொடுத்தால் எதையும் திறக்கலாம். ஆனால் கேட்பவர்கள் சுவரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. குடும்பம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கதையும் கூடவே வருகிறது: எல்லாரும் ஒன்றாக இருப்போம், பிள்ளைகள் மேடையில் உட்கார்ந்து பாடம் எழுதுவார்கள், சமைக்கிறவர் தனியாகக் கிடக்க மாட்டார். நல்ல கதைதான். அது இந்த வீட்டுக்குள் வந்ததும் என்ன ஆகிறது என்பதுதான் என் பிரச்சினை.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளும் வரிசை வீடுகளும் அகலம் குறைந்து ஆழம் மிகுந்தவை. அகலம் பெரும்பாலும் 4 முதல் 6 மீட்டர். யாரும் ரசனையோடு தேர்ந்தெடுத்த அளவு இல்லை இது. இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே ஒரே மர உத்தரம் எவ்வளவு தூரம் தாங்குமோ, வீடு அவ்வளவுதான். ஆழம் 20 மீட்டர், 30 மீட்டர்கூடப் போகும். முன்னால் ஐந்தடி நடைபாதை. ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்காகப் போட்ட விதி, பிறகு இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பரவியது. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை, சுவர் அண்டை வீட்டோடு பொது. அப்படியிருக்கும் ஒரு சுரங்கத்துக்குள் வெளிச்சம் எங்கிருந்து வரும்? கூரையை நடுவில் வெட்டித் திறந்துவிட்டார்கள். அதைத்தான் ஏர்வெல் என்கிறோம். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அது செய்யும் வேலை புரியும். அளவுதான் சின்னது.

குசினி பின்கடைசியில். விறகடுப்பின் பொறி மரத்தளம் போட்ட மேல்மாடிக்குப் போகக்கூடாது, புகை முன்னறைக்கு வரக்கூடாது, தண்ணீர் புழங்கும் இடம் பின்முற்றம். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கம்வரை பல வீடுகளுக்குப் பின்சந்து கிடையாது. மலவாளி தூக்குகிறவர் வீட்டுக்குள்ளேயே நடந்து முன்வாசல் வழியாக வெளியே போக வேண்டியிருந்தது. 1907இல் சிங்கப்பூரின் சுகாதாரம் பற்றி அறிக்கை எழுதிய சிம்சன், வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் சந்துகளை வெட்டச் சொன்னார். வீட்டின் பின்பகுதி என்றால் ஈரம், நெருப்பு, நாற்றம், உழைப்பு. முன்பகுதி என்றால் சாமி, நாற்காலி, விருந்தாளி. இந்த ஒழுங்கில் அநியாயம் இருந்தது, சந்தேகமில்லை. அறிவும் இருந்தது.

அந்த அறிவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அடுப்பு எரிந்தால் காற்று சூடாகி மேலே ஏறும். ஏர்வெல்லும் பின்முற்றமும் திறந்திருந்தால் அது நேராக வானத்துக்குப் போய்விடும். போன காற்றின் இடத்தை நிரப்ப, ஐந்தடியின் நிழலில் குளிர்ந்திருந்த காற்று முன்வாசல் வழியாக உள்ளே வரும். கரண்டே இல்லாமல் ஓடிய எக்ஸாஸ்ட் ஃபேன் அது. மழை பெய்தால் முற்றத்தில் விழும், காலுக்குக் கீழே வாய்க்காலில் ஓடும். அந்தத் தரை ஒரு படி தாழ்வாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

இப்போது படத்துக்கு வருவோம். அந்த அழகான ஐலண்ட் மேடைக்கு மேல் அண்ணாந்து பார்த்தால் கண்ணாடி தெரியும். ஏர்வெல்லை கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். ஏன்? ஏர்கோன் போட வேண்டுமே. ஹாலையும் குசினியையும் ஒன்றாக்கிவிட்டால் அந்த மொத்த நீளத்தையும் குளிரூட்டியாக வேண்டும், கூரையில் ஓட்டை இருந்தால் பில் எகிறும். பழையதை மூடிய குசினி என்றும் புதியதைத் திறந்த குசினி என்றும் சொல்கிறோம். பழையது ஹாலைப் பார்த்து மூடி, வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. புதியது அதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறது. சிங்கப்பூரின் யூஆர்ஏ பாதுகாப்பு விதிகளில் ஏர்வெல்லும் பின்முற்றமும் பொதுச்சுவர்களும் மரப்படிகளும் முகப்புக்குச் சமமான முக்கிய உறுப்புகளாகப் பட்டியலில் இருக்கின்றன. விதி எழுதியவர்களுக்கு வீடு எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்திருக்கிறது. வாங்குகிறவர்கள் முகப்பை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள்.

சரி, ஹூட் இருக்கிறதே? இருக்கிறது. சம்பலுக்குப் பெலாச்சான் வறுப்பதையோ காய்ந்த மிளகாய் தாளிப்பதையோ அந்த ஹூடிடம் கேட்டுப் பாருங்கள். ஹூட் காற்றை வெளியே தள்ள வேண்டுமென்றால் அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். கதவு ஜன்னலெல்லாம் அடைத்து ஏர்கோன் போட்ட வீட்டில் உள்ளே வர வழியில்லை. மோட்டார் கத்தும், புகை நகராது. மேடையை வீட்டின் நடுவில் வைத்துவிட்டதால் குழாய் பின்சுவர்வரை பல மீட்டர் ஓட வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் இழுப்பு குறையும். பக்கச்சுவரைத் துளைக்க முடியாது, அந்தப் பக்கம் அண்டை வீட்டுக்காரர் தூங்குகிறார். கடைசியில் கரி வடிகட்டி வைத்த ஹூட் ஒன்றை மாட்டி, இழுத்த காற்றை அதே அறைக்குள் திருப்பி விடுகிறார்கள். புகையைச் சுற்றுலா கூட்டிப்போகும் மெஷின் அது.

பழைய வீட்டில் கீழ்மாடிக்குத் தனி சீலிங் இருக்காது. மேல்மாடியின் பலகைத்தளம்தான் கீழே நிற்பவருக்குக் கூரை, பலகைகளுக்கு நடுவே இடுக்கு இருக்கும். அந்த மரத்தைக் காட்டத்தானே வீட்டையே வாங்கினோம் என்று யாரும் அதை மூடமாட்டார்கள். மதியம் பொரித்த மீன் இரவு மெத்தையில் மணக்கும். எண்ணெய்ப் பிசுக்கு பலகையில் ஏறிவிட்டால் இறங்காது. தீ பற்றிய கவலை வேறு. இங்கிலாந்துக் கட்டட வழிகாட்டிகளில், மேல்தளம் ஓர் உயரத்தைத் தாண்டும் வீடுகளில் தப்பிப்போகும் படிக்கட்டை அறைகளிலிருந்து தீயைத் தாங்கும் சுவரால் பிரிக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் வேறு ஏற்பாடு கேட்பார்கள். கீழ்த்தளத்தை முழுக்கத் திறந்தால் முதலில் அடிபடுவது இந்தப் பிரிப்பு. மாடியில் படுத்திருப்பவர் இறங்கி வரும் ஒரே மரப்படி அடுப்புக்குப் பக்கத்தில் வந்து முடியும்.

அந்தச் செங்கல் சுவரையும் விட்டுவிட முடியாது. 'ஒரிஜினல் பிரிக்' என்று பெருமையாகக் காட்டுகிறார்கள். அந்தச் சுவர் ஒரிஜினலாக அப்படி இருந்ததே இல்லை. அந்தக் காலச் செங்கல் வெளியே தெரியவேண்டும் என்று சுட்டதல்ல, சுண்ணாம்புப் பூச்சு அதன் தோல். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அந்தத் தோல் வழியாகத்தான் ஆவியாகும். தோலை உரித்து, 'தூசி கொட்டாமல் இருக்க' சீலர் அடித்து, எதிரே தினமும் நீராவி விட்டால் ஈரமும் உப்பும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கொஞ்ச வருடத்தில் செங்கல் முகம் பொரிந்து உதிரும். பழமை என்று ஒன்றைக் கற்பனை செய்து, அதற்காக உண்மையான பழசைச் சுரண்டி எடுப்பது. இதைச் சொன்னால் வாடிக்கையாளர் முகம் வாடும், சொல்லித்தான் ஆக வேண்டும்.

எந்தக் காலத்து வீட்டை மீட்கிறோம் என்ற கேள்வியும் உண்டு. இந்த வீடுகள் 1900களில் உறைந்து நிற்கவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் ஜார்ஜ்டவுனில் ஒரே வீட்டைப் பல குடும்பங்கள் பலகை வைத்துத் தடுத்து வாழ்ந்தார்கள். பின்முற்றத்தில் ஆளுக்கொரு அடுப்பு வரிசையாக இருக்கும். 2000 தொடக்கத்தில் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது, வாடகை ஏறியது, பழைய வாடகைதாரர்கள் கிளம்பினார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியல் வந்தது. ஒரு குசினியை இத்தனை பேர் பங்குபோட்டுச் சண்டை போட்டு, கடன் வாங்கி, ருசி பார்த்து வாழ்ந்த அந்தக் காலம்தான் இந்த வீடுகள் உண்மையிலேயே 'ஓபன்' ஆக இருந்த காலம் என்று எனக்குத் தோன்றும். புதுப்பித்தலில் முதலில் பிடுங்கி எறிவது அந்தப் பலகைகளைத்தான். அந்தக் காலம் 'பீரியட்' கணக்கில் வராது போல.

இந்தத் திறந்த குசினி எங்கிருந்து வந்தது? லண்டனின் ஜார்ஜியன் வரிசை வீடுகளில் குசினி நிலவறையில் இருந்தது. சமைத்தவர்கள் வேலைக்காரர்கள், சாப்பாடு மாடிப்படி ஏறி மேலே போகும். உலகப் போர்களுக்குப் பிறகு வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது அருகியது. எஜமானியே அடுப்பங்கரைக்கு வந்த பிறகுதான் அந்தக் குசினிக்கு வெளிச்சம் வேண்டும், தோட்டம் தெரிய வேண்டும், சுவர் வேண்டாம் என்று எல்லாருக்கும் தோன்றியது. அமெரிக்காவில் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1937இல் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்குக் கட்டிக்கொடுத்த மலிவு வீட்டில் குசினியைச் சாப்பாட்டு மேசையை ஒட்டி வைத்தார். வீட்டுக்காரர் ஒரு பத்திரிகையாளர், வேலைக்காரர் வைத்துக்கொள்ளும் வசதியுள்ள குடும்பத்துக்கான வீடல்ல அது. சமைக்கிறவரும் வீட்டுக்காரரும் ஒரே ஆள் ஆனதும் நடுச்சுவர் விழுகிறது. திறந்த குசினியின் பிறப்பு ரகசியம் அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஃபிராங்க்ஃபர்ட் குசினி. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்தது, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் குசினியைப் பார்த்து, ஒவ்வொரு எட்டையும் கணக்குப் போட்டுச் செய்தார். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் பொருத்தினார்கள். அவர் இடதுசாரி, பின்னாளில் நாஜிகளிடம் சிறைபட்டவர். பெண்ணின் வேலை நேரத்தைக் குறைத்து அவளுக்கு மிச்ச நேரத்தைக் கொடுப்பதே நோக்கம். பிறகு வந்த பெண்ணியவாதிகள் அதே குசினியைத் திட்டினார்கள், ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய அளவில் பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று. இரண்டும் சரிதான். ஆனால் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் அந்த வடிவமைப்பில் உண்டு: குசினிக்கும் ஹாலுக்கும் நடுவே இழுத்து மூடும் கதவு. தேவைப்பட்டால் திற, தேவையில்லாவிட்டால் மூடு. மூடுகிற கை உள்ளே நிற்பவருடையது. என்னைக் கேட்டால் மொத்த வடிவமைப்பிலும் பெரிய யோசனை அந்தக் கதவுதான்.

வேலைக்காரர் இல்லாத வீட்டுக்காகப் பிறந்த குசினி, வேலைக்காரர் இருக்கும் வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும்? இங்கே நடப்பதைப் பாருங்கள். மலேசியாவில் புதுத் தாமான் வீடு வாங்குகிற யாருக்கும் தெரியும்: டிரை கிச்சன், வெட் கிச்சன். முன்னால் மார்பிள் மேடை, காப்பி மெஷின், பழக்கூடை. பின்னால் தகரக்கூரையோ பாலிகார்பனேட்டோ போட்டு இழுத்த இடத்தில் கேஸ் தோம்பு, கடாய், மீன் கழுவும் தொட்டி. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் இதையே செய்கிறார்கள். நடுச்சுவரை இடித்துவிட்டு, மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு சுவர் எழுப்புகிறார்கள். அதற்குப் பின்னால் இந்தோனேசியாவிலிருந்தோ மியான்மாரிலிருந்தோ வந்த ஒரு பெண் நிற்கிறார். சுவர் போகவில்லை, நகர்ந்திருக்கிறது. முன்பு குசினிக்குக் கிடைத்த பின்முற்றத்து வானமும் இந்தப் புது அறைக்குக் கிடையாது, முற்றத்தின் மேல்தானே அதைக் கட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் முன்னால் இருக்கும் அந்தத் திறந்த மேடை எதற்கு? காட்டுவதற்கு. நாற்றமில்லாத வீடு என்று காட்டுவதற்கு. இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை எழுதினால் நேர்மையாக இருக்காது. சிங்கப்பூரில் 2011 ஆகஸ்டில் 'ஒரு சட்டி கறி சமைப்போம்' என்று ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள், நினைவிருக்கும். சீனாவிலிருந்து குடிவந்த குடும்பம் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறிவாசனையைப் பற்றிப் புகார் சொல்ல, சமரச மையத்தில், அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி வைப்பதாக ஒப்பந்தமான செய்தி வெளிவந்ததுதான் காரணம். அல்ஃபியான் சா'ட் அதை வைத்து நாடகமே எழுதினார், 2013இல் மேடையேறியது. வாசனை இங்கே சமையல் குறிப்பில் வரும் சொல் இல்லை. கோலாலம்பூரில் வாடகை அறை தேடி அலைந்திருக்கிறேன். போனில் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி சமைப்பீர்களா என்பது. "லைட் குக்கிங் ஒன்லி." லைட் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். மேகி, முட்டை என்றார். ரசம் வைத்தால் அது எந்தக் கணக்கு என்று கேட்கவில்லை, அறை வேண்டியிருந்தது.

அதனால் ஒரு தமிழ்க் குடும்பம், இரண்டு தலைமுறை உழைத்து, லயத்திலிருந்து தாமானுக்கும் தாமானிலிருந்து ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வீட்டுக்கும் வந்து, "எங்க வீட்ல குசினி ஓபன்" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. லயத்து வீட்டில் குசினி என்பது பின்னால் ஒட்டுக்கூரை போட்ட கறுப்பு அறை. என் பாட்டி அதை அடுப்படி என்றே சொல்வார், அங்கிருந்து வரும்போது கண் சிவந்திருக்கும். அந்தப் புகையிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதற்கு அளவுகோலாக அந்த வெள்ளை மேடையைப் பார்க்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் அந்த மேடை கேட்கும் விலை, அதே 'லைட் குக்கிங்' விதியை நம் வீட்டுக்குள் நாமே போட்டுக்கொள்வது. மீன் வாங்கினால் பின்னால் போ. தாளிக்க வேண்டுமா, பின்னால் போ. விருந்தாளி வருகிறார்களா, கேட்டரிங் சொல்லிவிடு.

ஒரு வேலையில், வீடு வாங்கிய தம்பதியோடு கணவரின் அம்மாவும் வந்திருந்தார். ஆர்க்கிடெக்ட் பிளானை விரித்து, இங்கே மேடை, இங்கே நின்று சமைத்தால் ஹால் முழுக்கத் தெரியும், பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கினார். அம்மா ரொம்ப நேரம் பிளானையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்க நின்னா நான் எப்ப உக்காந்தேன்னு எல்லாருக்கும் தெரியும், இல்ல தம்பி?" என்று கேட்டார். யாரும் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. மருமகள் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

திறந்த குசினியைப் பற்றி நான் படித்த எந்த வடிவமைப்புக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. ஹாலிலிருந்து குசினியைப் பார்க்கலாம், குசினியிலிருந்து ஹாலைப் பார்க்கலாம் என்று இரண்டையும் ஒரே பார்வை போல எழுதுகிறார்கள். சோபாவில் இருப்பவரின் பார்வைக்கும் பாத்திரம் தேய்ப்பவரின் பார்வைக்கும் எடை வேறு. மூடிய குசினி தண்டனைதான், மறைவிடமும் அதுதான். அங்கே உட்கார்ந்து காலை நீட்டலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மாமியாரைத் திட்டலாம். கறியில் முதல் துண்டை எடுத்து வாயில் போடலாம். அழலாம். சுவரை எடுக்கும்போது தண்டனையோடு இதுவும் போகிறது, ஈடாக என்ன கிடைக்கிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

தமிழில் குசினியைப் பற்றிப் பேசினால் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைத் தாண்டிப் போக முடியாது. ராஜஸ்தானத்துப் பெரிய வீடு, அதில் ஒரு மூலையில் ஒட்டவைத்த குசினி. தெற்கிலிருந்து வந்த மருமகள் அதைச் சரிசெய்ய ஒரு யோசனை சொல்கிறாள். பதிலாகத் துணி காயப்போடக் கயிறுகள் கட்டப்படுகின்றன, வெளியே தெரிந்த மலையும் மறைந்துபோகிறது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இதை முதலில் வாசித்தேன். பெண்ணடிமை பற்றிய கதை என்று எடுத்துக்கொண்டு நகர்ந்தேன், அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலைக்கு வந்து பத்து வீட்டுப் பிளானைத் தொட்ட பிறகு வாசிக்கும்போது அது மிகத் துல்லியமான கட்டடக் கதையாகவும் தெரிகிறது. அந்தக் குசினியில் நிற்கிறவளுக்கு வேண்டியிருந்தது வெளியே பார்க்க ஒரு வழி. உள்ளே இருப்பவர்கள் தன்னைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நம் திறந்த குசினிக்காரர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021இல் வந்தபோது எல்லாரும் கடைசிக் காட்சிகளைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்தக் கசியும் சிங்க் குழாய்தான் படம். ஒரு பிளம்பரைக் கூப்பிட்டால் முடிகிற வேலை, கூப்பிட வேண்டியவர் கூப்பிடுவதில்லை. அந்த வீட்டின் நடுச்சுவரை இடித்து ஐலண்ட் மேடை போட்டாலும் குழாய் கசிந்துகொண்டுதான் இருக்கும், ஹாலிலிருந்து பார்க்க வசதியாக.

திறந்த குசினிக்கு ஆதரவாகவும் சொல்ல இருக்கிறது. என் தலைமுறை ஆண்கள் கொஞ்சம் பேராவது சமைக்கிறோம். அதில் குசினி ஹாலுக்கு வந்ததற்கும் பங்கு இருக்கலாம். ஆள் பார்க்கிற இடத்தில் வேலை செய்ய ஆண்களுக்கு எப்போதும் பிடிக்கும். சின்ன அபார்ட்மெண்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் சுவர் வெறும் இடவிரயம். என் வாதம் இந்த வகை வீட்டோடு சம்பந்தப்பட்டது. ஏற்கெனவே ஒரு திறப்பை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டில், அதை அடைத்துவிட்டு வேறொரு நாட்டின் திறப்பைக் கொண்டுவந்து ஒட்டுவது சோம்பேறித்தனமான வடிவமைப்பு.

சுவரையே தொடக்கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். முன்வீட்டுக்கும் குசினிக்கும் நடுவில் இருக்கும் குறுக்குச்சுவர் பல வீடுகளில் இரண்டு நீளச் சுவர்களையும் பிடித்து வைத்திருக்கும், ஏணிக்கு நடுப்படி மாதிரி. முழுக்க எடுத்தால் உத்தரத்தின் இரண்டு முனையையும் பொதுச்சுவரில் குடைந்து உட்கார வைக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்து ஒரே இடத்தில் விழும் பாரத்தை விரும்பாது, அண்டை வீட்டில் விரிசல் விடும். ஆனால் இரண்டு ஓரத்திலும் சுவரின் கொஞ்சப் பகுதியை நிறுத்திவிட்டு நடுவில் அகலமாகத் திறந்து, அதில் மடக்குக் கதவு போடலாம். அடுப்பைப் பின்முற்றத்தின் ஓரத்திலேயே விட்டுவிடலாம். சாப்பாட்டு மேசை ஏர்வெல்லுக்குப் பக்கத்தில் வரட்டும். பிள்ளைகள் பாடம் எழுதுவதும் கீரை ஆய்வதும் அரட்டையும் அங்கே நடக்கட்டும். ஏர்வெல்லில் கண்ணாடி வேண்டாம், ஓரங்களில் ஓட்டை நீட்டி, கொசுவலை கட்டி, தரையில் நல்ல வடிகால் கொடுத்தால் போதும். மழைச்சாரல் கொஞ்சம் வரும். வரட்டும். ஏர்கோன் படுக்கையறையில் மட்டும் இருந்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அந்தத் தம்பதியின் வீட்டுக்கு இப்படித்தான் ஒரு மாற்றுப் பிளான் போனது. கதவின் தாழ்ப்பாளைக் குசினிப் பக்கமாக வைக்கச் சொல்லி மருமகளே பென்சிலால் குறித்து அனுப்பியிருந்தார். பின்முற்றத்தில் ஒரு திண்ணையும் சேர்த்திருந்தார், அடுப்பிலிருந்து ஓரடி தள்ளி, ஹாலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில். ஆர்க்கிடெக்ட் அதை ஸ்டோரேஜ் பெஞ்ச் என்று எழுதிவிட்டார். கவுன்சில் ஒப்புதலுக்குப் போன வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கிறது.